கூட்டத்தின்பின் தோன்றும் உதிரப்போக்கு

புணர்ச்சி என்பது குறிஞ்சித் திணைக்கு உரிப்பொருளென அகப்பொருள் இலக்கணங் கூறுவதை யாம் வகுப்பில் கூச்சமின்றிக் கற்கின்றோம். அங்ஙனங் கற்கும் யாம், அதனோடு தொடர்புடைய நோய்க்குறி ஒன்றைப்பற்றி மட்டும் வாய்திறவாதிருத்தல் முறையாகுமோ? ஆகாதென்று கருதியே இதனை எழுதத் துணிந்தோம்.

மாதவிடாய்க் காலமல்லாத நாளிலும், கூட்டத்தின்பின் சில மகளிர்க்கு உதிரங் காண்பதுண்டு. பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் பருத்திக் கொல்லைகளிலும் மக்காச்சோளக் காடுகளிலும் பகலெல்லாம் உழைக்கும் தாய்மார்க்கு இது நேருமாயின், உடற்சூடென்று எண்ணி வாளாவிருத்தல் எளிது. கணவனிடத்தும் கூறாது மறைத்தல் அதனினும் எளிது. ஆயின் இக்குறிக்குக் காரணம் சூடன்று.

காரணங்கள் பல. அவற்றுட் பெரும்பாலன அச்சந் தருவன அல்ல. கருப்பையின் வாயிலுள்ள மெல்லிய உட்படலம் சிலர்க்கு வெளிப்புறமாகப் பரவியிருக்கும். சிறிது உராய்ந்தாலும் அதினின்று உதிரங் கசியும். இளம்பெண்டிர்க்கும், கருவுற்றார்க்கும், கருத்தடை மாத்திரை உண்பார்க்கும் இது மிகுதி. சிலர்க்குக் கருப்பை வாயிற் சிறு சதைவளர்ச்சி தொங்கும். வெட்டை முதலிய தொற்றுநோய்களால் அவ்விடம் அழன்று புண்படுதலும் உண்டு. இதற்குக் கணவனும் மனைவியும் ஒருங்கே மருந்துண்ணல் வேண்டும். மாதவிடாய் நின்ற மகளிர்க்கோ, உடலிற் சுரப்புநீர் குறைதலால் உறுப்பின் உட்டோல் மெலிந்து உலர்ந்து, எளிதிற் கீறலுறும். இவையெல்லாம் மருத்துவத்தால் தீர்வனவே.

எஞ்சிய காரணம் ஒன்றுண்டு. அதுவே கருப்பை வாய்ப் புற்றுநோய். உதிரங் கண்டாரனைவர்க்கும் இந்நோய் உண்டென்பதன்று. எனினும் இஃதில்லை என்பதைத் தேர்ந்தறியாது அமைதல் கூடாது. மனிதப் பாப்பிலோமா வைரஸ் என்னுங் கிருமியின் சில வகைகள் உடலினின்று நீங்காது நிலைத்து நிற்பதாலேயே பெரும்பாலும் இந்நோய் உண்டாகின்றது. கிருமி புகுந்த அன்றே நோய் பிறப்பதில்லை. அது முற்றப் பல ஆண்டுகள் செல்லும். அவ்வாண்டுகளே நமக்கு வாய்த்த தவணை என்க.

அத்தவணையை எளிய முறையாற் பயன்படுத்தலாம் என்பதைத் திண்டுக்கல் மாவட்டத்து ஊர்கள் உலகிற்குக் காட்டின. 2000-ஆம் ஆண்டு தொடங்கி அங்கு 30 முதல் 59 வயது வரையுள்ள 31,000-க்கு மேற்பட்ட மகளிரைப் பயிற்சிபெற்ற செவிலியர் சோதித்தனர். கருவி யாதெனில், காடியிலுள்ள அசெட்டிக் அமிலத்தை நீரிற் கலந்த கரைசலே. அதனைக் கருப்பை வாயிற் பூச, மாறுபட்ட இடம் ஒரு நிமிடத்தில் வெளுத்துத் தோன்றும். தக்கவர்க்கு அவ்விடத்தை உறையவைத்து அழிக்குஞ் சிகிச்சையும் அளிக்கப்பட்டது. இச்சோதனை நடத்தப்பெறாத ஊர்களோடு ஒப்பிட, நோயுறுதல் நூற்றுக்கு 25 பங்கும், இந்நோயால் இறத்தல் 35 பங்கும் குறைந்தனவென 2007-இல் முடிவு வெளியாயிற்று.

இன்று தமிழ்நாட்டு அரசின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் 30 வயது கடந்த மகளிர்க்கு இச்சோதனை செய்யப்படுகின்றது. 14 வயதுச் சிறுமியர்க்கு இக்கிருமித் தடுப்பூசி இலவசமாக இடப்படுமென 2025-ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்டது. ஆயினும் ஒன்று கருதத்தக்கது. மேற்கூறிய சோதனை குறியொன்றும் இல்லாதார்க்கே உரியது. உதிரங் கண்டவர் அதனோடு அமையாது, மருத்துவரிடம் நேரிற் சென்று முழுமையாகச் சோதித்துக்கொள்ளல் வேண்டும். கருவுற்றவரும், மாதவிடாய் நின்றபின் உதிரங் கண்டவரும் ஒருநாளும் தாழ்த்தலாகாது. அரியலூரில் 2022-இல் திறக்கப்பெற்ற அரசு மருத்துவக் கல்லூரியும், பெரம்பலூரில் அரசுத் தலைமை மருத்துவமனையும் உள்ளன, நெடுந்தொலைவு செல்லவேண்டுவதில்லை.

வழியுண்டு, மருந்துண்டு, மருத்துவருமுண்டு; நடுவே நிற்பது நாணம் ஒன்றே. நாணம் பெண்டிர்க்கு அணியென்பர். உயிரைக் கவரும் நாணம் அணியாகாது. அதுவும் ஒரு பிணியே. அப்பிணிக்கு மருந்து சொல்லேயாதலின், மாணவ மாணவியரே, விடுமுறையில் ஊர்செல்லுங்கால், அன்னையர்க்கும் தமக்கையர்க்கும் அத்தையர்க்கும் இதனை எடுத்துரைமின். கற்றாரென்று நம்மை ஊரார் மதிப்பது, உரைத்தற்கரியதை உரிய காலத்தில் உரைப்போமென்று நம்பியன்றோ?