கொல்லைப்புறமாக வரும் மாத்திரை

‘நெஞ்செரிச்சல் மாத்திரையைக் காலை உணவுக்கு அரை மணி நேரம் முன்னால் போடச் சொல்கிறார் டாக்டர். எனக்கு ஞாபகம் வருவதோ சாப்பிட்ட பிறகு. எரிச்சலும் போகவில்லை. வேறு மாத்திரை கேட்கலாமா?’ என்று எழுதியிருக்கிறார் ஒரு வாசகி. கேட்கலாம் அம்மா, அதற்கு முன் அந்த அரை மணி நேரத்தைக் கொஞ்சம் மதித்துப் பாருங்கள். மருந்துகளில் இவ்வளவு சாமர்த்தியமான ஒன்றை நான் பார்த்ததில்லை.

மெடிக்கல் ஷாப்பில் ‘கேஸ் மாத்திரை’ என்று நாம் கேட்டு வாங்கும் ஒமிப்ரசோல், பான்டோப்ரசோல் எல்லாம் ஒரே குடும்பம். பெயர்தான் கேஸ், செய்யும் வேலை இரைப்பைச் சுவரில் அமிலம் இறைக்கும் நுண்ணிய பம்புகளை நிறுத்துவது. விழுங்கும்போது இதற்குப் பல் கிடையாது. அமிலம் பட்டால்தான் உருமாறிக் கடிக்கும். ஆனால் இரைப்பைக்குள் தேங்கியிருக்கும் அமிலத்தில் பட்டால் போக வேண்டிய இடம் போகும் முன்பே வீணாகிவிடும். அதற்காகத்தான் மேலே அந்தப் பூச்சு, நசுக்கிப் போடாதீர்கள். இரைப்பையைக் கடந்து, சிறுகுடலில் கரைந்து, ரத்தத்தில் ஏறி, உடம்பெல்லாம் சுற்றி, அதே இரைப்பைச் சுவருக்குக் கொல்லைப்புறமாக வந்து சேர்கிறது. அங்கே அமிலம் ஊறும் இடுக்கில், ரத்தத்தில் இருப்பதைப்போல் ஏறத்தாழ 1,000 மடங்கு குவிகிறது. அமிலமே அதற்குப் பல் முளைக்க வைக்கிறது. பம்பைக் கவ்வினால் பிறகு விடாது.

வயற்காட்டு மோட்டார்களை நினைத்துக்கொள்ளுங்கள். மும்முனை மின்சாரம் வரும்வரை கொட்டகைக்குள் தூங்கும். வந்ததும் ஊரே இறைக்கும். இங்கே மின்சாரம் என்பது சாப்பாடு. நம் மருந்து, ஓடும் மோட்டாரில் மட்டுமே ஃபியூஸ் பிடுங்கத் தெரிந்த லைன்மேன். சத்தம் கேட்டுத்தான் வீடு கண்டுபிடிப்பார். ஊரில் அவர் தங்குவதும் சில மணி நேரம்தான். அதற்குள் கல்லீரல் பஸ் ஏற்றி அனுப்பிவிடும். சாப்பிட்டுவிட்டு மாத்திரை போட்டால் அவர் வந்து இறங்கும்போது மோட்டார்கள் ஓய்ந்துகொண்டிருக்கும். நேரத்துக்கு வந்தாலும் தூங்கிய சில மோட்டார்கள் தப்பித்துவிடும். அடுத்த நாள் அவற்றிலும் பல மாட்டும். இதற்கிடையே உடம்பு புது மோட்டார் வாங்கிக்கொண்டே இருக்கிறது. முழுப் பலன் தெரிய மூன்று முதல் ஐந்து நாள் ஆவது இதனால்தான். எரியும்போது ஒன்றைப் போட்டுவிட்டு ‘கேட்கவே இல்லை’ என்பவர்கள் லைன்மேனைத் திட்டக் கூடாது. (உவமையை இதற்குமேல் இழுத்தால் மின்வாரியம் கோபித்துக்கொள்ளும்.)

இவ்வளவு கெட்டிக்கார மாத்திரையும் எதுக்களிப்பை நிறுத்துவதில்லை. உணவுக்குழாயின் அடியில் இருக்கும் சுருக்குத்தசை வேளை கெட்ட வேளையில் திறந்துகொள்வதுதான் நோயின் வேர். மாத்திரைக்குப் பிறகும் அது திறக்கும். மேலே வருவதில் புளிப்பு குறைந்திருக்கும், அவ்வளவே. உணவுக்குழாயில் வந்த புண் ஆற அதுவே போதும். அந்தப் புண்கூட, அமிலம் மேலிருந்து அரித்துக்கொண்டே இறங்குவதால் வருகிறது என்றுதான் பாடப்புத்தகங்கள் சொல்லிவந்தன. 2016-இல் டல்லஸ் ஆய்வாளர்கள், புண் ஆறிய 12 பேருக்கு மாத்திரையை நிறுத்தி இரண்டு வாரம் கவனித்தார்கள். மேல்தோல் அரிபடாத இடங்களிலும் அடியில் வெள்ளணுக்கள் கூடியிருந்தன. சுடுவது அமிலமா, அமிலம் கிளப்பிவிட்ட நம் சொந்தப் படையா என்று கேட்க வைக்கும் ஆய்வு. ஆனால் 12 பேர்தான்; பாடப்புத்தகத்தை அதற்குள் கிழிக்க வேண்டாம்.

வரலாறு வேண்டும் என்பவர்களுக்கு: நாள்பட்ட எதுக்களிப்பில் சிலருக்கு உணவுக்குழாயின் உள்தோலே வேறு வகையாக மாறிவிடும். 1950-இல் லண்டன் அறுவை மருத்துவர் நார்மன் பாரெட் அதைப் பார்த்து, மேலே இழுபட்ட இரைப்பை என்றார். அது உணவுக்குழாய்தான் என்று 1953-இல் வேறு இருவர் காட்டினார்கள். 1957-இல் பாரெட்டும் ஒப்புக்கொண்டார். நோய்க்கு அவர் பெயர்தான் நிலைத்தது. இந்த மாற்றம் புற்றுநோய் வரை போவது அபூர்வம். ஆனால் விழுங்கச் சிரமம், காரணமில்லாத எடைக்குறைவு, கறுத்த மலம் இருந்தால் எண்டோஸ்கோபியைத் தள்ளிப்போடாதீர்கள். நெஞ்சில் இறுக்கமும் வியர்வையும் சேர்ந்து வந்தால் ‘கேஸ்தான்’ என்று சோடா தேடாமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

இந்த மாத்திரை மறதி நோய் தரும் என்று வாட்ஸ்அப்பில் வந்ததா? 17,000-க்கும் மேற்பட்டோரிடம் சுமார் மூன்று ஆண்டு பான்டோப்ரசோலைச் சோதித்த ஆய்வு 2019-இல் வெளிவந்தது. தெளிவாகக் கூடியது குடல் தொற்று மட்டும், அதுவும் சிறிதளவு. எனக்குக் கவலை வேறு. 2009-இல் வெளியான டென்மார்க் ஆய்வில், நெஞ்செரிச்சலே இல்லாத 120 பேரில் பாதிப் பேருக்கு எட்டு வாரம் இந்த வகை மாத்திரை, மீதிப் பேருக்குப் போலி மாத்திரை. நிறுத்திய பிறகு மாத்திரைக்காரர்களில் 44 சதவீதத்தினருக்கு அமிலத் தொல்லை; போலிக்காரர்களில் 15 சதவீதம். அடக்கிவைத்த இரைப்பை, விட்டதும் இரட்டிப்பாக இறைக்கிறது. மூட்டுவலி மாத்திரையோடு துணைக்குச் சேர்த்துக்கொண்டு மாதக்கணக்கில் விழுங்குபவர்கள், நிறுத்தியதும் எரிந்தால் நோய் முற்றிவிட்டதாக நினைத்து மறுபடி கடைக்குப் போகிறார்கள். டாக்டரைக் கேட்டு, படிப்படியாகக் குறைத்துப் பார்க்கலாம்.

வாசகிக்கு இன்னொன்று. இரவில் எரிந்தால் தலையணையை அடுக்காதீர்கள். இடுப்பு மடிந்து வயிறுதான் அமுங்கும். கட்டிலின் தலைமாட்டுக் கால்கள் இரண்டுக்கும் அடியில் செங்கல் வையுங்கள். இடப்பக்கம் ஒருக்களித்துப் படுங்கள். அப்போது இரைப்பை உணவுக்குழாய் வாய்க்குக் கீழே தொங்கும். செங்கல் செலவு ஒரு தடவைதான்.