படுகையின் குரல் – 9: மின்னஞ்சலில் கேட்ட சம்மதம்

காவிரிப் படுகையில் மீத்தேன் திட்டத்துக்கு எதிராக இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் ஊர் ஊராக நடந்த கதையைச் சென்ற வாரம் பார்த்தோம். 2013 டிசம்பர் 30 அன்று பட்டுக்கோட்டைக்குப் பக்கத்தில் அத்திவெட்டியில் அவர் உயிர் பிரிந்தது. அதுவரை அவர் மக்களிடம் பேசியதெல்லாம் நேருக்கு நேர்தான். அடுத்த ஏழு ஆண்டுக்குள் இந்த மண்ணைத் தொடும் ஒரு சட்ட வரைவு வந்தது. மக்களே, உங்கள் கருத்தைச் சொல்லுங்கள் என்று மத்திய அரசு கேட்டது. கேட்ட விதத்தைத்தான் இந்த வாரம் பார்க்கப் போகிறோம்.

சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு அறிவிக்கை, இஐஏ 2020. மார்ச் கடைசியில் நாடே ஊரடங்கில் முடங்கியது. ஏப்ரல் 11 அன்று இந்த வரைவு அரசிதழில் வெளியானது. அறுபது நாளுக்குள் கருத்து அனுப்ப வேண்டும். கடிதமாகவும் அனுப்பலாம் என்றார்கள். ஊரடங்கில் தபால் நிலையத்துக்கு யார் போவது? மிஞ்சியது மின்னஞ்சல் முகவரி ஒன்றுதான். வரைவு இருந்ததோ ஆங்கிலத்திலும் இந்தியிலும்.

பிறகு கெடு ஜூன் 30 வரை நீண்டது. அந்த ஜூன் மாதத்தை டெல்டாக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு, முறைப்படி ஜூன் 12-ஆம் தேதியே மேட்டூர் அணை திறந்த ஆண்டு அது. கல்லணையும் திறந்து தண்ணீர் வாய்க்காலுக்கு வந்தபோது நாற்றங்கால், உழவு, நடவு என்று குறுவைக்கு ஊரே வயலில் இறங்கியிருந்தது. உழவர் தலை நிமிர நேரமில்லாத அந்த வாரங்களில்தான், அவர் படிக்க முடியாத மொழியில், அவருடைய நிலத்தைப் பற்றிய கேள்வி இணையத்தில் கிடந்தது.

அதில் என்ன இருந்தது? 2006-ஆம் ஆண்டு அறிவிக்கையின்படி, ஒரு திட்டத்துக்குக் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்த 30 நாள் முன்னறிவிப்புத் தர வேண்டும். வரைவு அதை 20 நாளாக்கியது. அனுமதி வாங்காமல் தொடங்கிய வேலைக்குப் பின்னால் அனுமதி தரவும் வழி வைத்தது. அதற்கு முன்பே, 2020 ஜனவரி 16 அன்று வந்த ஒரு திருத்தம், எண்ணெய், எரிவாயு ஆய்வுப் பணிகளுக்குக் கருத்துக் கேட்புக் கூட்டமே தேவையில்லை என்று ஆக்கிவிட்டது. கதிராமங்கலத்தில் 2017 ஜூன் 30 அன்று ஓஎன்ஜிசி குழாய் கசிந்து வயலில் எண்ணெய் பரவியதைக் கண்ணால் கண்ட ஜனங்கள் நாம். நம்மிடம் கேட்க வேண்டியதில்லை என்று முடிவானது.

தில்லி உயர் நீதிமன்றம்தான் கதவைக் கொஞ்சம் திறந்தது. எட்டாவது அட்டவணை மொழிகள் எல்லாவற்றிலும் வரைவை மொழிபெயர்க்கச் சொல்லி, கெடுவை ஆகஸ்ட் 11 வரை நீட்டியது. அந்த உத்தரவை எதிர்த்து மத்திய அரசு உச்ச நீதிமன்றம் வரை போனது என்பதைக் கவனியுங்கள். மக்களுக்குப் புரிகிற மொழியில் கேள் என்றதற்கு இவ்வளவு எதிர்ப்பு. அங்கும் அந்த உத்தரவு ரத்தாகவில்லை.

அதற்குள் இளைஞர்கள் தமிழில் சுருக்கம் எழுதி வாட்ஸ்அப்பில் விட்டிருந்தார்கள். நாடு முழுவதிலிருந்தும் லட்சக்கணக்கில் மின்னஞ்சல்கள் குவிந்தன. அந்த இயக்கத்தில் இருந்த சில இளைஞர் அமைப்புகளின் தளங்கள் முடக்கப்பட்டன. ஓர் அமைப்புக்கு ஊபா என்ற சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டத்தைக் குறிப்பிட்டே நோட்டீஸ் போனது. பிறகு அது தவறுதலாகக் குறிப்பிட்டது என்றது தில்லி காவல்துறை. கருத்துச் சொல்லுங்கள் என்று அழைத்த அதே காலத்தில் நடந்தவை இவை.

அந்த வரைவு இறுதி அறிவிக்கையாக வரவேயில்லை. அது ஒரு வெற்றிதான். அந்த மின்னஞ்சல்களுக்கு உரிய பதில் மட்டும் இன்றுவரை இல்லை. 2014-இல் மத்திய அரசே வகுத்த கொள்கை ஒன்று, எந்தச் சட்ட வரைவையும் குறைந்தது 30 நாள் பொதுவில் வைத்து, வந்த கருத்துகளின் சுருக்கத்தையும் வெளியிட வேண்டும் என்கிறது. அது கொள்கை மட்டுமே, சட்டம் ஆகவில்லை. அதே ஆண்டு ஜூலை 26 அன்று மத்திய அரசு தொடங்கிய மைகவ் (MyGov) தளத்தில் விவாதமும் உண்டு, வாக்கெடுப்பும் உண்டு. அங்கே சொன்னதற்கு யாரும் கட்டுப்பட வேண்டியதில்லை.

இணையமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தைவானைப் பாருங்கள். 2014-இல் மாணவர்கள் நாடாளுமன்றத்தையே கைப்பற்றிப் போராடினார்கள். அதன் பிறகு உருவானது வி-தைவான் (vTaiwan) என்ற ஏற்பாடு. அது பயன்படுத்திய போல்.இஸ் (Pol.is) என்ற மென்பொருளில் ஒருவருக்கொருவர் மறுமொழி எழுத இடமில்லை. ஒருவர் ஒரு கருத்தை எழுதுவார். மற்றவர்கள் ஏற்கிறேன், ஏற்கவில்லை, கடந்து போகிறேன் என்று குறிப்பார்கள். யார் யார் எந்தப் பக்கம் சேர்கிறார்கள் என்று கணினி படம் போட்டுக் காட்டும். எதிரெதிர் அணிகள் இரண்டுமே ஏற்கிற கருத்து எது என்பதும் தெரிந்துவிடும். ஊபர் வாடகைக் கார் பிரச்சினையை 2015-இல் அப்படித்தான் பேசினார்கள். அதில் தேறிய கருத்துகளில் பல விதிகளாகவும் ஆயின. சண்டையை வளர்க்காமல் ஒப்புதலைத் தேடும் இந்த முறை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

நம் படுகைக்கு அது பொருந்துமா? நெல் கொள்முதலை எடுத்துக்கொள்வோம். 17 சதவீத ஈரப்பத வரம்பைத் தளர்த்துங்கள் என்று மழை பெய்த பருவங்களிலெல்லாம் கேட்கிறோம். மத்தியக் குழு வந்து மாதிரி எடுத்துப் போகிறது. அதற்குள் கொள்முதல் நிலைய வாசலில் குவித்த நெல் முளைத்துவிடுகிறது. நிலச்சொந்தக்காரர், குத்தகைக்காரர், கூலி வேலைக்குப் போகும் பெண்கள், சுமைதூக்கும் தொழிலாளர்கள் ஆகிய எல்லாரும் ஏற்கிற கோரிக்கை எது என்று ஒரு தளம் எடுத்துக் காட்டினால், எந்த அமைச்சரும் அதை எளிதில் தள்ள முடியாது.

ஆனால் அந்தத் தளத்தில் யார் இருப்பார்கள் என்பதுதான் என் கவலை. சோழர் காலக் குடவோலையைச் சொல்லி நாம் பெருமைப்படுகிறோம். உத்திரமேரூர்க் கல்வெட்டின்படி, ஓலையில் பெயர் எழுதப்படவே கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் வேண்டும். சொந்த மனையில் வீடும் வேண்டும். செல்போனும் ஆங்கிலமும் இன்றைக்கு அந்தக் கால் வேலியாக ஆகிவிடக் கூடாது. இன்னோர் ஆபத்தும் உண்டு. ஊருக்குச் சம்பந்தமே இல்லாதவர்கள் கூலிக்கு ஆயிரக்கணக்கில் வாக்குப் போட முடிகிற தளம் நமக்கு எமன்.

கிராம சபையில் இந்த இரண்டு குறையும் இல்லை. வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் போதும், அவர் உறுப்பினர். 500 பேர் வரை உள்ள ஊராட்சியில் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும். ஹைட்ரோகார்பன் வேண்டாம் என்று டெல்டாவின் பல ஊர்கள் தீர்மானப் புத்தகத்தில் எழுதியது இங்கேதான். அதனாலேயே ஆள்பவர்களுக்கு இதைக் கண்டால் தயக்கம். மின்னஞ்சலில் கருத்துக் கேட்டு முடித்த அதே 2020-இல், அக்டோபர் 2 கிராம சபைகளைக் கொரோனாவைக் காரணம் காட்டி முந்தின நாள் ரத்து செய்தார்கள்.

2013-இல் உச்ச நீதிமன்றம் சொன்னபடி ஒடிசாவின் நியமகிரியில் 12 கிராம சபைகள் கூடின. பன்னிரண்டும் வேதாந்தாவின் பாக்சைட் சுரங்கத்தை மறுத்தன. திட்டம் நின்றது. வன உரிமைச் சட்டம் அந்தத் தீர்மானங்களுக்குப் பலம் தந்தது. வயலும் வாய்க்காலும் உள்ள நமக்கு அப்படி ஒரு சட்டம் இல்லை. 2020 பிப்ரவரியில் தமிழகச் சட்டமன்றம் நிறைவேற்றிய பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் புதுத் திட்டங்களைத் தடுக்கிறது. 2023-இல் ஒரத்தநாடு பக்கத்து வடசேரி உட்பட மூன்று இடங்களை நிலக்கரி ஏலப் பட்டியலில் சேர்த்தபோது, அந்தச் சட்டத்தைச் சுட்டி ஏப்ரல் 4 அன்று முதலமைச்சர் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். ஏப்ரல் 8 அன்று மூன்று இடங்களும் விலக்கப்பட்டன. பட்டியலில் சேர்க்கும் முன் அந்த ஊர்களை யாரும் கேட்கவில்லை. கிராம சபையின் ஒப்புதல் கட்டாயம் என்று ஒரு வரி அந்தச் சட்டத்தில் சேர வேண்டும். கணினித் தளம் அதற்குத் துணையாக வரட்டும். வரைவு தமிழில், கூட்டத்துக்கு முன்பே, ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டப்படட்டும். ஊர் ஊராக நிறைவேறும் தீர்மானங்கள் அந்தத் தளத்தில் ஏறட்டும். ஒவ்வொன்றுக்கும் அரசின் பதில் அதன் கீழேயே வரட்டும்.

தஞ்சாவூர் மாவட்டம் உட்பட 28 மாவட்டங்களில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர்கள் கைக்குப் போனது. தலைவர் இல்லாவிட்டாலும் கிராம சபை உண்டு. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களைக் குறித்து வையுங்கள். அடுத்து வருகிற கூட்டத்துக்குப் போங்கள், வீட்டுப் பெண்களையும் அழைத்துப் போங்கள். தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்துப் போடும் முன், எழுதியதை உரக்க வாசிக்கச் சொல்லுங்கள்.