நீரிழிவுப் பாதம்: செவிலிய மதிப்பீடும் நோயாளர் கல்வியும்

நீரிழிவுப் பாத மதிப்பீடு என்பது நீரிழிவு நோயாளரின் பாதங்களைப் பார்த்தும் தொட்டும் சோதித்து, புண் வரக்கூடிய பாதத்தை முன்கூட்டியே கண்டறியும் முறையாகும். அன்றாடப் பாதப் பராமரிப்பை நோயாளருக்குக் கற்பிப்பதும் இதனுடன் சேர்ந்த செவிலியப் பணியாகும். புண்ணையும், அதனால் காலை இழக்கும் நிலையையும் தடுப்பதே இவற்றின் நோக்கம்.

காரணம்

இரத்தச் சர்க்கரை நீண்டகாலம் கட்டுப்பாடின்றி இருந்தால் நரம்புகள் பாதிக்கப்படுகின்றன. மிக நீளமான நரம்புகள் பாதம் வரை செல்வதால் பாதிப்பு பெரும்பாலும் அங்கேயே தொடங்குகிறது. சிலருக்கு எரிச்சலும் மரத்துப்போதலும் தோன்றும். சிலருக்கு எந்த அறிகுறியும் இன்றி உணர்வு குறையும். அத்தகைய காலில் முள் குத்தினாலும், செருப்பு கடித்தாலும், சூடு பட்டாலும் வலிப்பதில்லை. வலிக்காததால் நோயாளர் அதே காலை ஊன்றி நடக்கிறார். சிறு காயம் ஆழ்ந்த புண்ணாகிறது. இரத்த ஓட்டமும் குறைந்திருந்தால் புண் ஆறத் தாமதமாகும். தொற்று எலும்பு வரை பரவினால் விரலையோ காலையோ அகற்ற நேரிடலாம்.

வரலாறு

வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் 1946 முதல் பணியாற்றிய அறுவை மருத்துவர் பால் பிராண்டு, தொழுநோயாளரின் கை கால் சிதைவுக்கு உணர்வு இழந்த உறுப்பில் மீண்டும் மீண்டும் ஏற்படும் காயங்களே முக்கியக் காரணம் என்று விளக்கினார். 1960களில் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்றபின், இதே விளக்கம் நீரிழிவுப் பாதப் புண்ணுக்கும் பொருந்துவதைக் காட்டினார்.

மதிப்பீட்டு முறை

செவிலியர் முதலில் நோயின் காலம், முன்பு வந்த புண், புகைப்பழக்கம், பார்வைக் குறைவு ஆகியவற்றைக் கேட்டறிகிறார். பின்னர் இரு கால்களிலும் செருப்பு, காலுறைகளைக் கழற்றச் செய்து பின்வருவனவற்றைச் சோதிக்கிறார்.

- தோல்: பித்தவெடிப்பு, கால் ஆணி, கொப்புளம், விரலிடுக்குச் சேற்றுப்புண், நகம் சதைக்குள் வளர்தல்.
- வடிவம்: வளைந்த விரல்கள், புடைத்த எலும்புகள், இறுக்கமான மெட்டி.
- இரத்த ஓட்டம்: பாதத்தின் மேற்புறத்திலும் உட்கணுக்காலின் பின்புறத்திலும் நாடித்துடிப்பு.
- உணர்வு: 10 கிராம் விசையில் வளையும் நைலான் இழைச் சோதனை.
- காலணி: அளவு, உட்புறத் தேய்மானம், துருத்தும் ஆணி.

இழைச் சோதனையில், இழை எப்படித் தோன்றும் என்பதை முதலில் நோயாளரின் கையில் தொட்டுக் காட்டுவர். பின்னர் அவர் கண்ணை மூடியிருக்க, பெருவிரலின் அடியிலும், பெருவிரல், சுண்டுவிரல் ஆகியவற்றின் கீழுள்ள பாதப் பந்துப் பகுதியிலும் இழை வளையும் வரை அழுத்துவர். காய்ப்பேறிய இடத்திலும் புண்ணிலும் அழுத்துவதில்லை. ஒவ்வோர் இடத்திலும் மூன்று முறை கேட்கப்படும். அவற்றில் ஒரு முறை தொடாமலே கேட்பர். இரண்டு விடைகளாவது சரியாக இருந்தால் அவ்விடத்தில் பாதுகாப்பு உணர்வு உள்ளது எனக் கொள்ளப்படும்.

உணர்வும் இரத்த ஓட்டமும் சீராக இருந்தால் ஆண்டுக்கு ஒரு முறை சோதித்தால் போதும். முன்பு புண் வந்து, உணர்வோ இரத்த ஓட்டமோ குறைந்தவர்களுக்கு 1 முதல் 3 மாதங்களுக்கு ஒரு முறை சோதனை தேவை.

நோயாளர் கல்வி

வலி செய்த எச்சரிக்கைப் பணியைக் கண்ணும் கையும் ஏற்க வேண்டும் என்பதே கல்வியின் சாரம்.

- நாள்தோறும் இரு பாதங்களையும் பார்த்தல். அடிப்பாதத்தைக் கண்ணாடி வைத்தோ வீட்டாரைக் கொண்டோ பார்த்தல்.
- கழுவியபின் விரலிடுக்குகளை ஈரமின்றித் துடைத்தல்.
- வெந்நீரின் சூட்டைக் காலால் அல்லாமல் முழங்கையால் அறிதல். மரத்த காலுக்குச் சூடான ஒத்தடம் கொடுக்காதிருத்தல்.
- கால் ஆணியைப் பிளேடால் வெட்டாதிருத்தல். நகத்தை நேராக வெட்டுதல்.
- வீட்டினுள்ளும் வெறுங்காலுடன் நடக்காதிருத்தல்; செருப்பை உதறிப் பார்த்து அணிதல்.

கோயிலில் செருப்பு அணிய இயலாது என்பதால், வெயில் ஏறுமுன் சென்றுவருமாறும், வீடு திரும்பியதும் பாதத்தைப் பார்க்குமாறும் அறிவுறுத்தலாம். உணர்வு இழந்தவர்களுக்கு மென்மையான எம்.சி.ஆர். ரப்பர் அடிப்பகுதி கொண்ட செருப்பு பரிந்துரைக்கப்படுகிறது.

"புரிந்ததா?" என்று கேட்டால் பலரும் "புரிந்தது" என்றே சொல்வர். ஆகவே கற்றதை நோயாளரே தம் சொற்களில் சொல்லி, பாதத்தைச் சோதித்துக் காட்டச் செய்வது நல்ல முறையாகும். பார்வை குறைந்தவர்களாயின் குடும்பத்தினர் ஒருவருக்கும் கற்பிக்க வேண்டும்.

உடனடிக் கவனம்

புண், சீழ், துர்நாற்றம், விரல் கருத்தல், காய்ச்சல் ஆகியவை தோன்றினால் வலி இல்லாவிட்டாலும் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். காயமே இல்லாமல் ஒரு பாதம் மட்டும் வீங்கிச் சிவந்து சூடாக இருந்தால் எலும்பு, மூட்டுச் சிதைவு தொடங்கியிருக்கலாம். மருத்துவர் பார்க்கும் வரை அக்காலை ஊன்றக்கூடாது.