ஆண் கடல், பெண் கடல்! ராமேசுவரத்தில் குடும்பத்தோடு ஒரு நாள்

ராமேசுவரம் போகிறவர்கள் 22 தீர்த்தங்களில் குளிக்கிறார்கள். சாமி கும்பிடுகிறார்கள். உடனே மூட்டை கட்டி விடுகிறார்கள்.

இவர்கள் பார்த்தது பாதி ராமேசுவரம்தான். மீதிப் பாதி வெளியே, வெயிலிலும் காற்றிலும் இருக்கிறது. அதைப் பார்க்கப் பெரிய செலவு இல்லை.

இரண்டு கடல்கள்

ராமேசுவரம் ஒரு தீவு. வடக்கே பாக் நீரிணை, ஆழம் குறைந்தது. ஆண்டில் பல மாதங்கள் குளம் போலக் கிடக்கும். இதை "பெண் கடல்" என்பார்கள் மீனவர்கள். தெற்கே மன்னார் வளைகுடா. ஆழமும் அதிகம், அலையும் அதிகம். இது "ஆண் கடல்".

வடகிழக்குப் பருவக்காற்று வீசும்போது நிலைமை தலைகீழாகி விடும். பெண் கடல் சீறும். ஆண் கடல் அடங்கும். ஆகவே, பிள்ளைகளைத் தண்ணீரில் இறக்கும் முன் அங்குள்ள மீனவர் ஒருவரிடம் கேட்டு விடுங்கள்.

குழந்தைகளுக்கு ஏற்ற இடம் அரியமான் கடற்கரை. தீவுக்குள் நுழைவதற்கு முன்பே, உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் இடையே இருக்கிறது. சவுக்குத் தோப்பு நிழலில் கட்டுச் சோற்றைப் பிரிக்கலாம்.

பாம்பன் பாலம்

மண்டபத்தைத் தாண்டினால் பாம்பன். 1988-ல் திறந்த சாலைப் பாலத்தில் நின்று பார்த்தால், பக்கத்தில் ரெயில் பாலம் தெரியும். (வண்டியை நிறுத்தி வழியை மறிக்காதீர்கள்!)

பழைய ரெயில் பாலம் 1914-ல் திறக்கப்பட்டது. கப்பல் வந்தால், தொழிலாளர்கள் கையால் நெம்பித் தூக்குப் பாலத்தைத் திறப்பார்கள். அது இரண்டாகப் பிரிந்து மேலே எழும். 2022-ல் அதில் ரெயில் நின்றது. 2025 ஏப்ரலில் புதிய பாலம் வந்தது. இதன் நடுப்பகுதி, மின்சார விசையால், படுத்த வாக்கிலேயே நேராக மேலே போகிறது!

தனுஷ்கோடி

ராமேசுவரத்திலிருந்து சுமார் 20 கிலோ மீட்டர். இருபுறமும் கடல், நடுவே ரோடு. வழியில் கோதண்டராமர் கோவில்.

இன்று மணலாய்க் கிடக்கும் தனுஷ்கோடி ஒரு காலத்தில் பரபரப்பான துறைமுகம். ரெயில் நிலையம், தபால் ஆபீஸ், சுங்கச் சாவடி எல்லாம் இருந்தன. ரெயிலில் வந்தவர்கள் இங்கே கப்பல் ஏறி, இலங்கையில் உள்ள தலைமன்னாருக்குப் போனார்கள்.

1964 டிசம்பர் 22. நள்ளிரவில் புயல் அடித்தது. கடல் ஊருக்குள் புகுந்தது. பாம்பனில் இருந்து வந்து, ஊரை நெருங்கிய ரெயிலை அலை விழுங்கியது. அதில் இருந்த நூற்றுக்கு மேற்பட்டவர்களில் ஒருவரும் பிழைக்கவில்லை. பாம்பன் பாலமும் சிதைந்தது. என்ஜினீயர் ஸ்ரீதரன் 46 நாளில் அதைச் சீராக்கினார். ஆனால் தனுஷ்கோடி திரும்ப எழவில்லை. மக்கள் வாழத் தகுதி இல்லாத இடம் என்று அரசாங்கம் அறிவித்து விட்டது.

மாதா கோவில் சுவர் இன்னும் நிற்கிறது. அதில் ஏறிப் படம் எடுப்பது, கல்லைப் பெயர்ப்பது எல்லாம் வேண்டாம். பலர் உயிர் விட்ட இடம்.

மீனவர் குடும்பங்கள் இன்றும் அங்கே குடிசை போட்டு இருக்கிறார்கள். மணலைச் சில அடி தோண்டுகிறார்கள். சுற்றிலும் உப்புக் கடல். ஊறி வருவதோ நல்ல தண்ணீர்! பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டிய அதிசயம் இது. அவர்களிடம் சங்கு, சிப்பிப் பொருள்கள் வாங்கினால் அவர்கள் வீட்டு அடுப்பு எரியும்.

ரோடு முடியும் இடம் அரிச்சல்முனை. இரு கடலும் இங்கே கூடுகின்றன. பார்க்கலாம், ரசிக்கலாம். குளிக்கக் கூடாது! நீரோட்டம் காலை வாரி விடும். நீச்சல் தெரிந்தவர்களும் இங்கே துணிய வேண்டாம்.

குளிர் காலத்தில் போனால், ஆழம் இல்லாத நீரில் பூநாரைகள் கூட்டமாக மேய்வதைக் காணலாம். 2025 ஜூனில் இந்தப் பகுதியைப் பூநாரை சரணாலயமாக அறிவித்திருக்கிறார்கள். தூரத்தில் நின்று பாருங்கள். கூச்சல் போட்டால் பறந்து விடும்.

குடிக்கத் தண்ணீரும் தலைக்கு ஒரு துண்டும் கையில் இருக்கட்டும். அங்கே ஒதுங்க நிழல் கிடையாது. பொழுது சாய்வதற்குள் திரும்பி விடுங்கள்.