வாய் திறவாத உறுப்பு

அச்சம் மிகும்போது ‘ஈரற்குலை நடுங்கிற்று’ என்பது நம்மவர் வழக்கு. ஆனால், கொழுப்பு நோய் புகும்போது ஈரல் நடுங்குவதில்லை. பெரும்பாலும் நோவும் காட்டுவதில்லை. வேறொரு காரணத்துக்காக வெள்ளவத்தையில் ஸ்கேன் எடுத்துப் பார்த்தபோதுதான் என் ஈரலிலும் கொழுப்புப் படிந்திருந்தமையை அறிந்தேன். “இதற்கு என்ன மருந்து, ஐயா?” என்றேன். “நடைதான் மருந்து” என்றார் வைத்தியர். மருத்துவம் இத்துணை வளர்ந்தும் மருந்துக்கு ஏன் இத்தனை தாமதம்?

நான் தனியனல்லன். களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தார் 2007ஆம் ஆண்டு ராகமைப் பகுதியில் 35 முதல் 64 வயது வரையுள்ள 2985 பேரைச் சோதித்தனர். 974 பேருக்கு மதுவினால் வராத கொழுப்பு ஈரல் இருந்தது; ஏறத்தாழ மூவரில் ஒருவர்!

கொழுப்புப் படிந்தோரிற் சிலருக்கு அழற்சி உண்டாகும், அழற்சி தழும்பாகும், தழும்பு முற்றினால் ஈரல் சுருங்கும். 1980இல் லுட்விக் என்பார் இவ்வழற்சிக்குப் பெயரிட்டார். அமெரிக்க அரசின் இசைவு பெற்ற முதல் மருந்தாகிய ரெஸ்மெற்றிரோம் வந்ததோ 2024 மார்ச்சில். இடையே கழிந்தவை 44 ஆண்டுகள்!

முதல் இடர் காலம். ஈரல் சுருங்கப் பல்லாண்டுகள் செல்லும்; அதுவரை எந்தச் சோதனை காத்திருக்கும்? ஆதலின், ஊசியால் எடுத்த சதைத் துணுக்கை நுணுக்குக்காட்டியிற் பார்த்தே தீர்ப்புச் சொல்கின்றனர். அத்துணுக்கோ முழு ஈரலில் 50,000இல் ஒரு பங்கு. ஒரு பருக்கை பதமென்பது இங்கே செல்லாது. ஈரல் எங்கும் ஒரே சீராக வேகும் சோறன்று. ஒரே துணுக்கைக் காணும் வல்லுநர் இருவர் வேறுபடுவதும் உண்டு.

அடுத்தது வெறுங் குளிசை. ஒப்பிடுதற்காகச் சிலருக்கு மருந்தில்லாக் குளிசை கொடுப்பது முறை. அவர்களிலும் சிலர் தேறிவிடுகின்றனர்! சோதனையிற் சேர்ந்தவர் உணவைக் குறைப்பதும் நடப்பதும் இயல்பன்றோ? எலாபிபிரனோர் என்னும் மருந்தை உண்டவர்களில் நூற்றுக்கு 19 பேருக்கு அழற்சி தீர்ந்தது. வெறுங் குளிசை உண்டவர்களிலோ 15 பேருக்கு. 2020இல் அம்முயற்சி கைவிடப்பட்டது. ரெஸ்மெற்றிரோம் சோதனையில் மருந்தின் அளவுக்கேற்ப 26 முதல் 30 பேருக்கும், வெறுங் குளிசையால் 10 பேருக்கும் தீர்ந்தது. வென்ற மருந்தும் நூற்றில் எழுபது பேருக்கு அழற்சியைத் தீர்க்கவில்லை என்பதை மறத்தலாகாது.

தமக்குக் கிடைப்பது மருந்தா வெறுங் குளிசையா என்று அறியாமலே இருமுறை ஊசிக்கு உடன்பட்டோர் பலர். அவர்கள் பெயரை நாம் அறியோம். நாளை நமக்கு மருந்து எழுதப்படின், அது அவர்கள் இட்ட கொடை.

உடலெடையில் நூற்றுக்குப் பத்துப் பங்கு குறைந்தால் தழும்பும் ஆறக்கூடும் என்கின்றனர். நான் இப்போது மாலைதோறும் வெள்ளவத்தைக் கடற்கரையில் நடக்கின்றேன். ஈரல் இன்னும் வாய் திறக்கவில்லை. அதன் பொருட்டு நானே பேசினேன்.