'டிக் டிக்' நின்றால் கார் நிற்கும்! தப்பான பம்ப் மாட்டினால் தீப்பிடிக்கும்!!

பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்போர் கவனிக்க

சென்னை அண்ணா சாலை. சாயங்காலம் 6 மணி. சிக்னலில் பச்சை விழுகிறது. பஸ், ஆட்டோ, ஸ்கூட்டர் எல்லாம் பாய்கின்றன. நடுவில் ஒரே ஒரு சிவப்புக் கார் மட்டும் நகரவில்லை. தாழ்வான உடம்பு, மடக்கி வைத்த துணிக் கூரை, இரண்டே சீட். அந்தக் கால இங்கிலீஷ் கார்.

பின்னால் ஆரன் சத்தம் காதைப் பிளக்கிறது.

"இன்னா சார், ஷோ காட்டவா வந்தே? ஓரம் கட்டு சார்!" என்று கத்துகிறார் ஆட்டோ டிரைவர்.

கார்க்காரர் பதறவில்லை. நாலு பேர் தள்ள, வண்டியை ஓரம் கட்டுகிறார். சாவியை 'ஆன்' செய்துவிட்டு, ஸ்பானரும் கையுமாக இறங்குகிறார். பானெட் பக்கமே போகவில்லை. பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் குனிந்து, அடியில் எதையோ இரண்டு தட்டுத் தட்டுகிறார்.

உள்ளேயிருந்து 'டிக்... டிக்... டிக்...' என்று சத்தம். அடுத்த நிமிடம் கார் பறந்துவிட்டது!

மந்திரமா, மாயமா? இரண்டும் இல்லை. அவர் தட்டியது பெட்ரோல் பம்ப்பை. எம்.ஜி. ரகக் கார் வைத்திருப்பவர்களுக்கு இது பழகிப்போன வைத்தியம்.

எந்த எம்.ஜி.?

எம்.ஜி. என்றதும் தமிழ்நாட்டில் வேறு ஒருவர் முகம்தான் நினைவுக்கு வரும். இது அவர் அல்ல. 'மோரிஸ் கராஜஸ்' என்பதன் சுருக்கம். இங்கிலாந்தில் ஆபிங்டன் என்ற ஊரில் இருந்த தொழிற்சாலையில் 1962 முதல் 1980 வரை தயாரான எம்.ஜி.பி. கார், 5 லட்சத்துக்கு மேல் விற்றது. உலகம் முழுவதும் இன்றும் ஓடுகிறது.

இந்தக் காருக்கு இரட்டை கார்பரேட்டர். பெயர் எஸ்.யூ. அதாவது 'ஸ்கின்னர்ஸ் யூனியன்'. 1910-ல் தொடங்கிய கம்பெனி. செருப்பு வியாபாரக் குடும்பத்துப் பிள்ளைகள் ஆரம்பித்தது. முதல் கார்பரேட்டருக்கு உள்ளே தோல்தான் வைத்துத் தைத்திருந்தார்களாம்!

பெட்ரோல் பம்ப்பும் அதே எஸ்.யூ. கம்பெனிதான்.

டாங்க் பின்னால் இருக்கிறது. என்ஜின் முன்னால் இருக்கிறது. பெட்ரோலை யாராவது முன்னால் தள்ள வேண்டும் அல்லவா? அதுதான் பம்ப்பின் வேலை. கரண்ட் வந்ததும் உள்ளே இருக்கும் காந்தம் ஒரு ரப்பர் சவ்வை இழுக்கும். மெக்கானிக்குகள் பாஷையில் 'டயாபிரம்'. பெட்ரோல் உள்ளே வரும். சவ்வு கடைசி வரை போனதும் 'பாயின்ட்' விலகிக் கரண்ட் நின்றுவிடும். ஸ்பிரிங் சவ்வைத் திருப்பித் தள்ளும். பெட்ரோல் என்ஜினுக்குப் போகும். மறுபடி பாயின்ட் ஒட்டும். அந்தச் சத்தம்தான் 'டிக்... டிக்'.

கார்பரேட்டர் நிரம்பியதும் பம்ப் தானாகவே மவுனமாகிவிடும். எனவே சத்தம் நின்றதே என்று உடனே பயப்பட வேண்டாம். கார்பரேட்டர் காலியாக இருக்கும்போதும் சத்தம் வராவிட்டால்தான் கோளாறு. பாயின்ட் கருகினால் கரண்ட் பாயாது. ஒரு தட்டுத் தட்டினால் பாயின்ட் ஒட்டும், வண்டி ஓடும். ஆனால் எத்தனை நாளைக்குத் தட்டுவது? ஒரு நாள் பம்ப்பை மாற்றித்தான் ஆக வேண்டும்.

அங்கேதான் ஆபத்து காத்திருக்கிறது.

"பெரிசா குடுங்கண்ணே!"

புதுப்பேட்டை ஸ்பேர் பார்ட்ஸ் கடைகளிலும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலும் அடிக்கடி காதில் விழக்கூடிய பேச்சு இது:-

"அண்ணே, பெட்ரோல் பம்ப் ஒண்ணு வேணும்."

"என்ன வண்டி தம்பி?"

"பழைய ஸ்போர்ட்ஸ் கார்ணே. ஸ்பீடு வண்டி. நல்ல பவரா, பெரிசா குடுங்க."

இந்த 'பெரிசு' என்ற ஒரு வார்த்தைதான் வினை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். லிட்டருக்கு 8 கிலோ மீட்டர்தான் ஓடுகிறது என்றே வைத்துக்கொள்வோம். மணிக்கு 100 கிலோ மீட்டர் வேகத்தில் ஒரு மணி நேரம் ஓடினால் செலவாகும் பெட்ரோல் 12½ லிட்டர். அதாவது நிமிடத்துக்குக் கால் லிட்டர் கூட இல்லை. நல்ல நிலையில் உள்ள பழைய எஸ்.யூ. பம்ப், நிமிடத்துக்கு ஒரு லிட்டருக்கு மேல் தரக்கூடியது. எனவே அளவு ஒரு பிரச்சினையே இல்லை. பிரச்சினை எல்லாம் அழுத்தத்தில்!

டயருக்குக் காற்று அடிக்கும்போது '28 பவுண்டு, 30 பவுண்டு' என்கிறோம். அதே கணக்கில் எஸ்.யூ. கார்பரேட்டருக்குப் பெட்ரோல் வர வேண்டியது சுமார் 3 பவுண்டு அழுத்தத்தில். டயரில் பத்தில் ஒரு பங்கு. அவ்வளவு மெதுவாகத்தான் வர வேண்டும்.

கடையில் 'எல்லா வண்டிக்கும் பொருந்தும்' என்று கிடைக்கும் எலெக்ட்ரிக் பம்ப்புகளில் 4 முதல் 7 பவுண்டு வரை தள்ளுபவை உண்டு. இன்றைய இன்ஜெக்‌ஷன் கார்களின் பம்ப் 40 பவுண்டுக்கு மேல் தள்ளும். அதைக் கழற்றி இதில் மாட்டினால் எறும்புப் புற்றில் தீயணைப்பு வண்டிக் குழாயைச் செருகிய கதைதான்!

மிதவை தூக்கிக்கொள்ளும்

கார்பரேட்டருக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கிண்ணம் உண்டு. உள்ளே ஒரு மிதவை. வீட்டு மாடித் தண்ணீர்த் தொட்டியில் பந்து மிதக்கிறதே, அதே வேலை. பெட்ரோல் நிரம்பியதும் மிதவை மேலே வந்து ஒரு ஊசியால் வழியை அடைக்கும்.

அந்த ஊசி தாங்குவது 3 பவுண்டு சுமாருக்குத்தான். அதற்கு மேல் அழுத்தம் வந்தால் ஊசியைத் தள்ளிக்கொண்டு பெட்ரோல் பாயும். கிண்ணம் வழியும். வழிந்த பெட்ரோல் எங்கே போகும்?

எம்.ஜி.பி. என்ஜினில் கார்பரேட்டரும் புகை போகும் குழாயும் ஒரே பக்கம். கார்பரேட்டருக்கு நேர் கீழே கொதிக்கக் கொதிக்க எக்ஸாஸ்ட் குழாய்! வழியும் பெட்ரோலைத் தள்ளிக் கொண்டுபோய் விட ஒரு வடிகுழாய் உண்டு. ஐம்பது வயதான காரில் அது ஒழுங்காக இருக்கிறதா என்று யார் பார்த்தார்கள்?

பெட்ரோல் பற்றிக்கொள்ளச் சூடு தேவையில்லை. பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரி குளிரிலும் அதன் ஆவி தீப்பிடிக்கும். சித்திரை வெயிலில் சென்னையில் கேட்கவா வேண்டும்? ஒரு பொறி போதும். எலியைப் பிடிக்க வீட்டைக் கொளுத்திய கதையாக, பம்ப் மாற்றப் போய் காரையே இழக்க நேரிடும்.

"அழுத்தம் அதிகமான பம்ப்தான் கிடைத்தது, வேறு வழியில்லை" என்பவர்கள், நடுவில் ஒரு 'பிரஷர் ரெகுலேட்டர்' போட்டு, மீட்டர் வைத்துப் பார்த்து, 3 பவுண்டுக்குள் அடக்க வேண்டும். கண்ணால் பார்க்காமல் 'சரியா இருக்கும்' என்று விடக்கூடாது. பழைய எஸ்.யூ. பம்ப்புக்கு இந்தத் தொல்லை இல்லை. அதன் ஸ்பிரிங் எவ்வளவு தள்ளுமோ அவ்வளவுதான் அழுத்தம்.

சென்னை உறவு

பழைய ஸ்போர்ட்ஸ் கார் எல்லாவற்றுக்கும் எலெக்ட்ரிக் பம்ப் இல்லை. டிரையம்ப் ஸ்பிட்பயர் என்ற காரை எடுத்துக்கொள்ளுங்கள். 1962-ல் வந்தது. அதற்கும் சென்னைக்கும் ஒரு சொந்தம் உண்டு. வண்டலூர் அருகே ஸ்டாண்டர்டு கம்பெனி 1961 முதல் தயாரித்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரை மறந்திருக்க முடியாது. அந்த ஹெரால்டின் அடிச்சட்டத்தையும் என்ஜின் வம்சத்தையும் வைத்து இங்கிலாந்தில் உருவான தம்பிதான் ஸ்பிட்பயர்.

இரண்டிலும் பம்ப் என்ஜினின் இடுப்பில் உட்கார்ந்திருக்கும். என்ஜின் சுற்றச் சுற்ற, உள்ளே ஒரு கை ஆடி, சவ்வை இழுத்து விடும். நம்ம ஊர் மெக்கானிக்குகள் இதை 'ஏ.சி. பம்ப்' என்பார்கள். அம்பாசிடர், பியட் ஓட்டியவர்களுக்கும் தெரிந்த சங்கதிதான்.

இதில் வாங்கும்போது கவனிக்க வேண்டியது வேறு. பழைய பம்ப்பையும் புதியதையும் பக்கத்தில் வைத்து, ஆடும் கையின் நீளமும் வளைவும் ஒன்றா என்று பார்க்க வேண்டும். நடுவில் வைக்கும் பாக்கிங் கனமும் அதேதான் இருக்க வேண்டும். கனம் குறைந்தால் கை அதிகமாக அமுங்கி உடையும். கூடினால் பம்ப் சரியாக இழுக்காது.

இன்னொரு ஆபத்து. சவ்வு கிழிந்தால் பெட்ரோல் என்ஜின் ஆயிலில் கலந்துவிடும். ஆயில் தண்ணீராகி என்ஜின் தேயும். ஆயில் பார்க்கும் கம்பியை மோந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தால் வண்டியை எடுக்காதீர்கள்.

சாவி போட்டால் ஓடும், மோதினாலும் ஓடும்!

"ஏ.சி. பம்ப் எதுக்கு சார்? எலெக்ட்ரிக் மாட்டிடலாம்" என்று சொல்லும் மெக்கானிக்குகளும் இருக்கிறார்கள். வெயிலில் நெரிசலில் நிற்கும்போது என்ஜின் சூட்டில் பெட்ரோல் ஆவியாகி அடைத்துக்கொள்வதற்கு அது ஓரளவு மருந்துதான். ஆனால் நாலு விஷயம் தெரிந்திருக்க வேண்டும்.

ஒன்று:- எலெக்ட்ரிக் பம்ப்புகளில் பெரும்பாலானவை நன்றாகத் தள்ளும், சுமாராகத்தான் உறிஞ்சும். எனவே டாங்க் பக்கத்தில், தாழ்வாக மாட்ட வேண்டும். 1940-களின் எம்.ஜி. டி.சி. காரில் பம்ப் பானெட்டுக்கு உள்ளே இருக்கும். அது உறிஞ்சுவதற்கென்றே செய்த வேறு ரகம். இதை அங்கேயும் அதை இங்கேயும் மாற்றி மாட்டக்கூடாது.

இரண்டு:- ஏ.சி. பம்ப் என்ஜின் நின்றால் நின்றுவிடும். எலெக்ட்ரிக் பம்ப் அப்படி அல்ல. சாவி 'ஆன்' ஆக இருக்கும் வரை தள்ளும். விபத்தில் குழாய் அறுந்து, டிரைவர் மயங்கிக் கிடந்தாலும் பெட்ரோலை ரோட்டில் கொட்டிக்கொண்டே இருக்கும். மோதினால் கரண்டைத் தானாக அறுக்கும் 'இனர்ஷியா சுவிட்ச்' கட்டாயம் போட வேண்டும். தனி பியூசும் வேண்டும்.

மூன்று:- பழைய இங்கிலீஷ் கார்கள் பலவற்றில் பேட்டரியின் பிளஸ்தான் பாடியோடு சேர்ந்திருக்கும். 1967 வரை வந்த எம்.ஜி.பி.யும் அப்படித்தான். புதிய எலெக்ட்ரானிக் பம்ப்பை 'மைனஸ் தானே எர்த்' என்று நினைத்து மாட்டினால் அந்த நிமிடமே அவுட்!

நான்கு:- ஏ.சி. பம்ப்பைக் கழற்றிய இடத்தில் என்ஜினில் ஓட்டை இருக்கும். தகடு வைத்து அடைக்காவிட்டால் ஆயில் பீய்ச்சி அடிக்கும்.

புது வில்லன்

இப்போது ஒரு புது வில்லன் வந்திருக்கிறான். 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் 2023-ல் இந்தியாவில் விற்பனைக்கு வந்தது. 2025-ல் நாடு முழுவதும் சராசரிக் கலப்பே 20 சதவீதத்தை எட்டியது. ஐம்பது வருடத்துக்கு முந்தைய ரப்பர் இதற்காகச் செய்ததல்ல. சவ்வு விறைக்கும், வெடிக்கும். குழாய் ஊறிப் பிசுபிசுக்கும். எத்தனால் ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். மாதக்கணக்கில் ஷெட்டில் நிற்கும் காரில் டாங்க் துருப்பிடித்து, அந்தத் துரு பம்ப்புக்குள் வரும்.

'அந்தக் காலத்து ஒரிஜினல், பெட்டி பிரிக்காதது' என்று யாராவது பழைய ஸ்டாக்கைக் காட்டினால் ஆசைப்பட்டு ஏமாறாதீர்கள். பெட்டி பிரிக்காவிட்டாலும் உள்ளே ரப்பருக்கு வயசாகிவிடும். எத்தனால் தாங்கும் சவ்வா என்று கேட்டு வாங்க வேண்டும். பம்ப்பின் கூடு நன்றாக இருந்தால் புது சவ்வு, வால்வு, பாயின்ட் அடங்கிய ரிப்பேர் செட் போட்டாலே போதும். கூடவே ரப்பர் குழாய்கள், கிளிப்புகள், பில்டர் எல்லாவற்றையும் மாற்றிவிட வேண்டும். புது பம்ப், பழைய குழாய் கூடவே கூடாது.

முதலில் பம்ப்தானா என்று பாருங்கள்

வண்டி நின்றதும் பம்ப் மேல் பழி போடுவது வழக்கம். பில்டர் அடைத்திருக்கலாம். டாங்க் மூடியில் காற்று போகும் வழி அடைத்திருக்கலாம். மூடியைத் திறந்ததும் 'புஸ்' என்று காற்று உள்ளே இழுத்து, வண்டி ஓடிவிட்டால் குற்றவாளி மூடிதான்! எஸ்.யூ. பம்ப் நிற்காமல் படபடவென்று அடித்தால் டாங்க் காலி, அல்லது குழாயில் எங்கோ காற்று இழுக்கிறது, அல்லது கார்பரேட்டர் வழிகிறது.

புது பம்ப் மாட்டிய பிறகு பத்து நிமிடம் என்ஜினை ஓடவிட்டு, ஒவ்வொரு இணைப்பையும் வெறும் விரலால் தடவிப் பாருங்கள். ஈரம் இருந்தால் உடனே நிறுத்துங்கள். பக்கத்தில் பீடி, சிகரெட் கூடாது. பெட்ரோல் தீக்குத் தண்ணீர் ஊற்றக்கூடாது. பவுடர் ரக தீயணைப்பான் ஒன்று காரிலேயே இருக்கட்டும். சீட்டுக்கு அடியில், கை நீட்டினால் எட்டும் இடத்தில். டிக்கியில் வைத்தால் அவசரத்துக்கு உதவாது.

அந்தக் கார்க்காரரின் ஸ்பானர் இன்றைக்குக் கை கொடுத்தது. நாளைக்கும் கொடுக்கும் என்று நம்பி கிண்டி பாலத்தில் ஏற முடியுமா? அவர் கடைக்குப் போகும் நாளில் 'பெரிசா குடுங்க' என்று கேட்காமல், "3 பவுண்டுக்கு மேல தள்ளாததா குடுங்கண்ணே" என்று கேட்டால் போதும்.

காரும் பிழைக்கும். ஆளும் பிழைப்பார்.