விழுங்கிய மாத்திரை எங்கே செல்கிறது?

முழங்கால் வலிக்காக விழுங்கிய மாத்திரை, முழங்காலை எப்படித் தேடிச் செல்கிறது என்று நோயாளிகள் எங்களிடம் கேட்பதுண்டு. எளிய கேள்விதான், ஆயினும் இரு நூற்றாண்டுகளுக்கு முன்பு மருத்துவர்களிடையே இதில் ஒருமித்த கருத்து இல்லை. சோதனைகளின் வழியே விடை தேடியவர்களுள் முதன்மையானவர் பிரெஞ்சு உடலியங்கியல் அறிஞர் ஃபிரான்சுவா மஜாந்தி (1783–1855).

அக்காலத்து மருந்துகள் பெரும்பாலும் வேர், பட்டை, விதை ஆகியவற்றின் கலவைகள். அவற்றில் எது பயன் தந்தது, எது தீங்கு செய்தது என்று பிரித்தறிவது அரிதாக இருந்தது. நூலில் உள்ளதை நம்புவதைவிடச் சோதித்துப் பார்ப்பதே மேல் என்று மஜாந்தி கருதினார்.

1809-ஆம் ஆண்டில் அவரும் தாவரவியல் அறிஞர் ராஃப்னோ-தெலீலும் ஜாவாத் தீவு மக்கள் அம்புகளில் தடவிய ஒரு நஞ்சை ஆராய்ந்தனர். நாம் அறிந்த எட்டி மரத்தின் இனத்தைச் சேர்ந்த ஒரு கொடியிலிருந்து அது கிடைத்தது. நஞ்சு ஏறிய நாயின் உடல் விறைத்து, வலிப்புக் கண்டது. அடுத்து, ஒரு நாயின் காலைத் தமனியும் சிரையும் மட்டுமே உடலுடன் இணைக்குமாறு துண்டித்தனர். அவ்விரு குழாய்களையும்கூட வெட்டி, இடையே இறகுத் தண்டுகளைப் பொருத்தினர். அப்பாதத்தில் நஞ்சைச் செலுத்தியபோதும் வலிப்பு வந்தது. நஞ்சைச் சுமந்து சென்றது இரத்தமே என்பது தெளிவாயிற்று. தண்டுவடத்தை அழித்ததும் வலிப்பு நின்றது. ஆகவே, நஞ்சு வேலை செய்யும் இடம் தண்டுவடம் என்பதும் புலப்பட்டது.

மயக்கமருந்து வழக்கில் இல்லாத அக்காலத்தில் நடந்த இத்தகைய சோதனைகளின் கொடுமையை அன்றே பலர் கண்டித்தனர். அவ்விலங்குகள் பட்ட துன்பத்தை நாமும் மறக்கலாகாது.

1818-இல் பெல்த்தியே, கவாந்து என்னும் மருந்தியலாளர்கள் அந்நஞ்சின் சாரமான ஸ்ட்ரிக்னைனைப் பிரித்தெடுத்தனர். 1820-இல் சின்கோனா பட்டையிலிருந்து குயினைனைப் பெற்றனர். தூய பொருள் கையில் கிடைத்ததால், அதைத் துல்லியமாக நிறுத்துக் கொடுக்க முடிந்தது. மார்ஃபின், குயினைன் உள்ளிட்ட புதிய மருந்துகளைத் தயாரிக்கும் முறையையும் பயன்படுத்தும் முறையையும் விளக்கி, 1821-இல் மஜாந்தி ஒரு சிறு நூலை வெளியிட்டார். இன்று உங்கள் மருந்துச் சீட்டில் காணும் 'மி.கி.' என்னும் அளவுக்குப் பின்னால் இவ்வரலாறு இருக்கிறது. ஸ்ட்ரிக்னைனும் நெடுங்காலம் மருந்தாகக் கொடுக்கப்பட்டது. பயன் தரும் அளவுக்கும் உயிர் போக்கும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு என்பதால் நவீன மருத்துவம் அதைக் கைவிட்டது.

இனி, தொடக்கத்தில் எழுந்த கேள்விக்கு வருவோம். மாத்திரை முழங்காலைத் தேடிச் செல்வதில்லை. குடலில் உறிஞ்சப்பட்டு, இரத்தத்தின் வழியே உடலெங்கும் பரவுகிறது. வலி குறைவது முழங்காலில்தான். ஆயினும் அதே மருந்து இரைப்பையையும் சிறுநீரகத்தையும் சென்றடைகிறது. இதனால்தான், மூட்டுவலிக்கு வந்தவரிடமும் வயிற்றுப்புண் உண்டா, சிறுநீரகக் கோளாறு உண்டா என்று நாங்கள் கேட்கிறோம்.

எனவே, வலி குறையவில்லை என்று நீங்களாகவே ஒன்றுக்கு இரண்டாக விழுங்க வேண்டா. வீட்டில் உள்ளவருக்கு எழுதிக் கொடுத்த மாத்திரையை மற்றவர் உட்கொள்ளவும் வேண்டா. நாட்டு மருந்து, சூரணம், லேகியம் எதுவாயினும் நீங்கள் உட்கொள்வதைத் தயங்காமல் எங்களிடம் கூறுங்கள். அவையும் அதே இரத்தத்தில்தான் கலக்கின்றன.